அருகிவரும் செடியைக் குடுவையில் காப்பது: தாய்ச்செடி முதல் திரவ நைட்ரஜன் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸில் மாகாளிக்கிழங்கைக் கூறு கட்டி வைத்திருக்கும் நாளில் ஒரு கிலோ வாங்கி வந்தால், அதன் வாசனை வீடு முழுவதும் பரவிவிடும். மூட்டைப்பூச்சி நாற்றம் என்று மூக்கைப் பொத்துபவர்களும், மோரில் ஊறிய மாகாளித் துண்டு இல்லாமல் தயிர்ச்சோறு இறங்காது என்பவர்களும் ஒரே குடும்பத்தில் இருப்பதைப் பெங்களூருத் தமிழ் வீடுகளில் இன்றும் பார்க்கலாம். அந்தக் கிழங்கு பெரும்பாலும் தோட்டத்தில் விளைந்தது அன்று. தென்னிந்தியாவின் பாறைக் காடுகளில் படரும் ஒரு கொடியின் வேர். டெகாலெபிஸ் ஹாமில்டோனி என்னும் அந்தக் கொடி தென்னிந்தியத் தீபகற்பத்துக்கு மட்டுமே உரியது. வேருக்காகத் தோண்டும்போது கொடியே போய்விடுவதால், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் அது அழியும் ஆபத்தில் உள்ள இனமாக இடம்பெற்றிருக்கிறது.

இத்தகைய செடிகளை ஆய்வகத்தில் பெருக்கிப் பாதுகாக்கும் முறையைத் தொடக்கம் முதல் இறுதிவரை இங்கே விளக்குகிறேன். கல்லூரி ஆய்வகம், செடியின் சிறு துண்டைக் குடுவையில் வளர்த்துப் பெருக்கும் சிறிய திசு வளர்ப்புக் கூடம், நாற்றங்காலோடு இணைந்த அறை ஆகியவற்றில் வேலை செய்பவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். மாகாளியை முதன்மை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு, ஆர்க்கிட், சந்தனம் போன்றவற்றுக்கு முறை மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு கணக்கு. ஒரு தளிர் ஆறு வாரத்துக்கு ஒரு முறை நான்காகப் பெருகுகிறது என்று கொண்டால், எட்டுச் சுற்றுகளில், அதாவது ஓராண்டுக்குள், 65,536 தளிர்கள் கிடைக்கும். இந்த எண்ணைக் காட்டித்தான் திசு வளர்ப்பை எல்லோரும் வியக்கிறார்கள். ஆனால் அந்த 65,536-ம் மரபளவில் ஒரே செடி. ஒரு பூஞ்சை நோய் அந்த ஒரு செடியை வீழ்த்துமானால் அத்தனையையும் வீழ்த்தும். வாழை வியாபாரத்துக்கு இது குறையன்று. ஒரே மாதிரியான தார்தான் அங்கே வேண்டும். அருகிவரும் இனத்தைக் காப்பவர் கேட்க வேண்டிய கேள்வி எத்தனை குடுவைகள் என்பதன்று, எத்தனை தாய்ச்செடிகள் என்பதே. கீழ்வரும் ஒவ்வொரு படியையும் இந்தக் கேள்வியோடுதான் செய்ய வேண்டும்.

முதற்படி: அனுமதியும் தாய்ச்செடித் தேர்வும்

காட்டுக்குள் கத்தரிக்கோலோடு போவதற்கு முன் தாள்வேலை முடிந்திருக்க வேண்டும். காப்புக்காட்டிலிருந்து எதை எடுக்கவும் வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி தேவை. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டத்தின்படி மாநில உயிரியல் பன்மை வாரியத்தின் நடைமுறைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கர்நாடகத்தின் வாரியம் பெங்களூரிலேயே இருக்கிறது. பெண்செருப்பு ஆர்க்கிட்டுகள், நெபெந்தஸ் காசியானா என்னும் குடுவைச் செடி, பெடோம் சைகஸ் முதலியவை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ளவை. அவற்றை ஆய்வுக்காகத் தொடுவதற்கும் தனி அனுமதி வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்று எண்ணி, பூக்கும் பருவத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு விண்ணப்பியுங்கள்.

விதை சேகரிப்பில், ஒரு கூட்டத்திலிருந்து ஏறத்தாழ 50 தனிச்செடிகளின் விதை வேண்டும் என்பதும், அன்று கிடைக்கும் முதிர்ந்த விதைகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பதும் பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகள். தளிர்த் துண்டுகளுக்கு 50 எட்டாத கனவாகத் தோன்றலாம். இருந்தாலும் ஒரே பாறை இடுக்கில் பத்துக் கொடிகளைத் தொடுவதைவிட, இடைவெளி விட்டு ஐந்து இடங்களில் இரண்டிரண்டாக எடுப்பது நல்லது, ஏனெனில் அருகருகே நிற்பவை பெரும்பாலும் உறவுக்கொடிகளாகவே இருக்கும். ஒவ்வொரு தாய்ச்செடிக்கும் ஓர் எண் கொடுத்து, இடத்தின் ஆயங்கள், கடல்மட்ட உயரம், தேதி, நிழல், மண், ஒளிப்படம் ஆகியவற்றை அங்கேயே பதிவு செய்ய வேண்டும். அந்த எண் கடைசிக் குடுவை வரை, கடைசித் தொட்டி வரை கூடவே வர வேண்டும்.

இரண்டாம் படி: பழகுவதற்கு வேறு செடி

அரிய செடியின் துண்டில் முதல் பாடம் படிக்கக் கூடாது. மாகாளிக்கு நெருங்கிய சொந்தம் நம் நன்னாரி. இரண்டும் ஒரே குடும்பம், இரண்டிலும் பால் வடியும், வாசனையும் ஏறக்குறைய ஒன்றே. நன்னாரியில் ஒரு மாதம் பழகி, பத்துத் துண்டுகளில் குறைந்தது ஏழு தொற்று இல்லாமல் நிற்கும் கை வந்த பிறகே மாகாளியைத் தொடுங்கள். ஆர்க்கிட்டுக்கும் இதே விதிதான். மலிவான டெண்ட்ரோபியம் கலப்பினக் காயைக் கொண்டு பழகிக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: ஊடகம் தயாரித்தல்

முராஷிகே, ஸ்கூக் என்னும் இருவர் 1962-இல் புகையிலைத் திசுவுக்காக வகுத்த எம்எஸ் ஊடகமே, அதாவது துண்டுக்கு ஊட்டம் தரும் கலவையே, இன்றும் பெரும்பாலான ஆய்வகங்களின் தொடக்கப் புள்ளி. ஒரு லிட்டருக்கு அம்மோனியம் நைட்ரேட் 1,650 மில்லிகிராம், பொட்டாசியம் நைட்ரேட் 1,900, கால்சியம் குளோரைடு 440, மக்னீசியம் சல்பேட் 370, பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 170 என்பது அதன் பேரூட்ட அளவு. இவற்றோடு நுண்ணூட்டங்கள், இரும்பு, வைட்டமின்கள் சேரும். சிறிய கூடங்கள் இதைத் தனித்தனியாக நிறுத்துக் கலக்காமல், பொட்டலமாகக் கிடைக்கும் ஆயத்தப் பொடியை வாங்குவதே மேல். தவறு நுழையும் வாசல்கள் குறையும். லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரையையும் தேவையான வளர்ச்சி ஊக்கிகளையும் கரைத்து, அமில-கார நிலையைக் காட்டும் பிஎச் அளவை 5.8-க்குக் கொண்டுவந்து, அதன் பிறகே ஊடகத்தைக் கூழாக இறுக்கும் அகரை 8 கிராம் சேர்த்துக் காய்ச்ச வேண்டும். அகர் சேர்த்த பின் பிஎச் பார்த்தால் மின்முனையில் பசை ஒட்டி, காட்டும் எண்ணை நம்ப முடியாமல் போகும்.

நீராவி அழுத்தத்தால் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸ், 15 பவுண்டு அழுத்தம், 15 முதல் 20 நிமிடம் என்று எல்லாக் கையேடுகளிலும் இருக்கும். பெங்களூரில் இருப்பவர்கள் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் நகரம் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் மேலே இருப்பதால் வெளிக்காற்றின் அழுத்தம் இங்கே குறைவு. அழுத்தமானியின் முள் 15-ஐத் தொட்டாலும் உள்ளே வெப்பம் 121-க்கு ஒன்றிரண்டு டிகிரி கீழேயே நிற்கும். எனவே வெப்பமானியைப் பார்த்து நேரத்தை எண்ணத் தொடங்குங்கள்; வெப்பமானி இல்லாத பழைய கருவியில் சில நிமிடம் கூட்டிக் கொடுங்கள். சென்னையில் பழகிவிட்டு இங்கே வந்தவர்கள், ஊடகத்தில் மூன்றாம் நாள் பாக்டீரியா படலம் தோன்றுவதைக் கண்டு தங்கள் கையை நொந்துகொள்வதற்கு முன் இதைச் சரிபார்ப்பது நல்லது. ஜிப்ரலிக் அமிலம் போல வெப்பம் தாங்காத ஊக்கிகளை 0.22 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, ஊடகம் ஆறிய பிறகு சேர்க்க வேண்டும்.

நான்காம் படி: துண்டு எடுத்தலும் கிருமி நீக்கமும்

காட்டிலிருந்து வந்த துண்டு, தன்னோடு காட்டையே கொண்டுவரும். முடிந்தால் தாய்ச்செடியின் ஒரு கிளையைப் பதியன் போட்டு, கூரைக்கு அடியில் தொட்டியில் வைத்து, இலை நனையாமல் வேருக்கு மட்டும் நீர் ஊற்றிச் சில வாரம் வளர்த்து, அதில் வரும் புதுத் தளிரை எடுங்கள். மழைக்காலத்தில் நேரடியாகக் காட்டிலிருந்து எடுத்த துண்டுகளில் பாதியாவது பூஞ்சைக்குப் போகும் என்று எண்ணிக்கொண்டே தொடங்க வேண்டும்.

துண்டு என்பது கணுவாகவோ முளைநுனியாகவோ இருக்கட்டும். இலைத் துண்டிலிருந்து திசுக்கட்டியை உருவாக்கி, அதிலிருந்து செடி எடுப்பது பார்ப்பதற்கு வேகமான வழி. ஆனால் ஒழுங்கற்ற அந்தக் கட்டியின் வழியாக வரும் செடிகளில் மரபு மாற்றங்கள் புகும் வாய்ப்பு அதிகம். கணுவில் ஏற்கெனவே இருக்கும் மொட்டை எழுப்புவதே பாதுகாப்பானது. வேறு வழியே இல்லாதபோதுதான் திசுக்கட்டியை நாடுவேன்.

கணுத் துண்டுகளை, டுவீன் என்னும் சோப்பு போன்ற திரவம் இரண்டு சொட்டு கலந்த நீரில் கழுவி, ஓடும் நீரில் அரை மணி நேரம் அலசி, 70 சதவீத ஆல்கஹாலில் 30 நொடி முக்கி, பிறகு ஒரு சதவீதக் குளோரின் வலிமையுள்ள சோடியம் ஹைப்போகுளோரைட்டில் எட்டு முதல் பத்து நிமிடம் வைத்து, வடிகட்டிய காற்று வீசும் லேமினார் ஃப்ளோ மேடையில் கிருமி நீக்கிய நீரில் மூன்று முறை அலச வேண்டும். மெர்குரிக் குளோரைடை நம் ஆய்வகங்களில் இன்னும் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். அது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அந்தப் பாதரசக் கழிவைத் தொட்டியில் ஊற்றிவிட்டு இயற்கையைக் காக்கிறோம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. குளோரினில் வைக்கும் நேரத்தை நீட்டியும் முடியாதபோது மட்டும், கழிவைத் தனியே சேகரித்து முறைப்படி ஒப்படைக்க வழியிருந்தால், அதைத் தொடலாம்.

மாகாளித் தண்டை வெட்டிய உடனே பால் வடியும்; வெட்டுவாய் சில மணி நேரத்தில் பழுப்பேறி, சுற்றியுள்ள அகரும் தேநீர் நிறமாகிவிடும். அஸ்கார்பிக் அமிலமும் சிட்ரிக் அமிலமும் கரைத்த நீருக்குள்ளேயே வெட்டுவது, முதல் வாரத்தில் இரண்டு நாளுக்கு ஒரு முறை துண்டைப் புதிய ஊடகத்துக்கு மாற்றுவது, தேவையானால் ஊடகத்தில் செயலூட்டிய கரியைச் சேர்ப்பது ஆகிய மூன்றும் இதற்கு உதவும். கரி, ஊக்கிகளையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் அதைத் தொடக்கத்தில் மட்டும் பயன்படுத்துங்கள்.

ஆர்க்கிட்டின் வழி வேறு. அதன் ஒரு காயில் தூசி போன்ற விதைகள் ஆயிரக்கணக்கிலிருந்து இலட்சக்கணக்கு வரை இருக்கும்; அவற்றில் முளைக்கருவுக்கு உணவு சேமிக்கும் சதை கிடையாது, காட்டில் வேர்ப்பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். பூஞ்சை இல்லாமலேயே சர்க்கரை ஊடகத்தில் அவற்றை முளைக்க வைக்க முடியும் என்று லூயிஸ் நட்சன் 1922-இல் காட்டினார். காய் வெடிப்பதற்கு முன், பச்சையாக இருக்கும்போதே பறித்து, முழுக்காயையும் ஆல்கஹாலில் தோய்த்துத் தீயில் ஒரு நொடி காட்டி, மேடையில் பிளந்து விதைகளைத் தூவிவிடலாம்; உள்ளே இருக்கும் விதைகளுக்கு இயல்பிலேயே கிருமி இல்லை. பலரும் இதில் 10 முதல் 15 சதவீதம் இளநீர் சேர்ப்பார்கள். அகத்தியமலைக்கு மட்டுமே உரிய பாபியோபெடிலம் துருரி போன்ற பெண்செருப்பு ஆர்க்கிட்டுகளுக்கு விதை வழி இன்னொரு வகையிலும் நல்லது; ஒவ்வொரு விதையும் தனி மரபு கொண்டது என்பதால், ஒரே காயிலிருந்தும் பன்மை கிடைக்கிறது. இரண்டு வெவ்வேறு செடிகளுக்கிடையே கையால் மகரந்தம் சேர்த்து உருவாக்கிய காயாக இருந்தால் இன்னும் சிறப்பு.

ஐந்தாம் படி: பெருக்கமும் வேர்விடுதலும்

துண்டு தெளிந்து மொட்டு விரிந்ததும், லிட்டருக்கு 0.5 முதல் 2 மில்லிகிராம் வரை பிஏபி என்னும் தளிரூக்கியைச் சேர்த்த ஊடகத்தில் பக்கத் தளிர்களைத் தூண்டலாம். அறை வெப்பம் 25 டிகிரிக்கு இரண்டு முன்பின். வெளிச்சம் நாளுக்கு 16 மணி நேரம். மாகாளியின் திசு வளர்ப்பில் மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் நெடுங்காலம் உழைத்திருக்கிறது. ஃபுளோரோகுளூசினால், வெள்ளி நைட்ரேட் ஆகியவற்றைச் சேர்க்கும் முறைகளை அங்கிருந்து வந்த ஆய்வுக்கட்டுரைகளில் பார்க்கலாம். மூடிய குடுவையில் சேரும் எத்திலீன் வாயுவின் செயலைத் தடுப்பதே வெள்ளியின் வேலை.

ஊக்கியைக் கூட்டினால் தளிர் கூடும் என்ற ஆசைக்கு அணை போடுங்கள். அளவு மிஞ்சினால் தளிர்கள் நீர் கோத்து, கண்ணாடி போல ஒளி ஊடுருவும். அவை வெளியுலகில் ஒரு நாளும் தாங்கா. ஒவ்வொரு சுற்றிலும் ஆறு ஏழாகப் பெருகும் ஒரு தாய்ச்செடியும், ஒன்றே ஒன்று கொடுக்கும் இன்னொன்றும் உங்களிடம் இருக்கும். இங்கேதான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். சுறுசுறுப்பானதையே மாற்றி மாற்றி வளர்த்து, சோம்பலானதைக் கைவிட்டுவிடுகிறார்கள். இரண்டு ஆண்டில் அலமாரி நிரம்பியிருக்கும்; தாய்ச்செடிகள் இருபதில் மூன்றுதான் மிஞ்சியிருக்கும். ஒவ்வொரு எண்ணுக்கும் குடுவை உச்சவரம்பு வைத்துக்கொண்டு, அதைத் தாண்டிய வேகமானவற்றை நிறுத்தி, அந்த இடத்தையும் நேரத்தையும் மெதுவானவற்றுக்குக் கொடுப்பதே இதற்கு மருந்து.

எண்ணைப் பற்றிப் பேசும்போது என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொடக்க காலத்தில் குடுவைகளின் மேல் மார்க்கர் பேனாவால் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மேடையில் வைப்பதற்கு முன் வழக்கம்போல ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தபோது, நாற்பது குடுவைகளின் எண்கள் பஞ்சோடு வந்துவிட்டன. செடிகள் நலமாகத்தான் இருந்தன. எந்த மலையிலிருந்து வந்தவை என்பது போய்விட்டது. அவற்றைப் பள்ளித் தோட்டங்களுக்குக் கொடுத்தேனே தவிர, காட்டுக்கு அனுப்ப முடியவில்லை. அன்று முதல் தாள் சீட்டில் பென்சிலால் எழுதி, தெளிவான ஒட்டுநாடாவால் மூடுகிறேன். பென்சில் கரி ஸ்பிரிட்டில் கரையாது.

மூன்று சென்டிமீட்டர் தாண்டிய தளிர்களைப் பாதி வலிமை எம்எஸ் ஊடகத்தில், ஐபிஏ என்னும் வேரூக்கியைச் சேர்த்து வேர்விட வையுங்கள். செம்மரம் போன்ற மர இனங்கள் இந்தக் கட்டத்தில் முரண்டு பிடிக்கும். அவற்றின் தளிரடியை அடர்த்தியான ஐபிஏ கரைசலில் சிறிது நேரம் தோய்த்து நேராகத் தென்னைநார்க் கழிவில் நடுவதும் ஒரு வழி.

ஆறாம் படி: வெளிக்காற்றுக்குப் பழக்குதல்

ஆய்வகத்தில் வென்ற செடிகளில் பல இங்கேதான் சாகின்றன. குடுவைக்குள் காற்று ஈரத்தால் நிறைந்திருப்பதால், இலையின் மெழுகுப் பூச்சு மெலிந்தும், இலைத்துளைகள் மூடப் பழகாமலும் இருக்கும். சர்க்கரையை ஊட்டி வளர்த்ததால் தானாக உணவு சமைக்கவும் செடிக்குப் பழக்கமில்லை. வேரில் ஒட்டிய அகரை வெதுவெதுப்பான நீரில் முழுவதும் கழுவிவிட வேண்டும்; மிஞ்சிய சர்க்கரை பூஞ்சைக்கு விருந்து. கழுவிய செடியைத் தென்னைநார்க் கழிவும், வெர்மிகுலைட் என்னும் இலேசான கனிமத் துகளும் கலந்த தட்டில் நட்டு, பாலிதீன் கூடாரத்தால் மூடி, முதல் இரண்டு வாரம் திறக்காமல் வைத்து, மூன்றாம் வாரத்திலிருந்து ஓரத்தைச் சிறிது சிறிதாக உயர்த்துங்கள். பெங்களூரில் மார்ச், ஏப்ரல் மாத உலர்காற்றில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மந்தாரமே சிறந்த பசுமைக்குடில்.

சந்தனத்துக்கு இன்னொரு தேவை உண்டு. அது தன் வேரால் பக்கத்துச் செடியின் வேரைப் பற்றி உறிஞ்சும் அரை ஒட்டுண்ணி என்பதால், தொட்டியிலேயே துணைச்செடி வேண்டும். துவரை விதை ஒன்றை ஊன்றி வைப்பது நாற்றங்கால்களில் வழக்கம். சந்தனத்தில் இறங்க விரும்புவோர், மல்லேஸ்வரத்திலேயே உள்ள மர அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்தின் அனுபவத்தைக் கேட்டுப் பெறுவது நல்லது.

ஏழாம் படி: நீண்டகாலச் சேமிப்பு

குடுவையில் ஆறு வாரத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொண்டே இருப்பது சேமிப்பாகாது. ஒவ்வொரு மாற்றமும் தொற்றுக்கும் சீட்டுக் குழப்பத்துக்கும் ஒரு வாய்ப்பு. உலர்த்தினாலும் உயிர் போகாத விதை உள்ள இனமாக இருந்தால், மலிவான வழி விதையே: ஈரத்தை 3 முதல் 7 சதவீதத்துக்குக் குறைத்து, காற்றுப் புகாமல் அடைத்து, மைனஸ் 18 டிகிரியில் வைப்பது. மேற்குத் தொடர்ச்சி மலையின் சதுப்புநில மரங்கள் பலவற்றைப் போல, உலர்ந்தால் செத்துவிடும் விதை கொண்டவற்றுக்கும், விதையே அரிதாக வரும் இனங்களுக்கும்தான் ஆய்வகச் சேமிப்பு உண்மையில் தேவை.

இடைக்கால வழி, வளர்ச்சியைத் தாமதப்படுத்துவது. ஊட்டத்தைப் பாதியாக்கி, மானிட்டால் என்னும் சர்க்கரை வகைப் பொருளைச் சேர்த்து, வெப்பத்தைக் குறைத்தால், மாற்றும் இடைவெளியைப் பல மாதங்களுக்கு நீட்டலாம். வெப்பமண்டலச் செடிகளை 15 டிகிரிக்குக் கீழே கொண்டுபோவதற்கு முன், சிலவற்றை மட்டும் வைத்துச் சோதியுங்கள்.

நிரந்தர வழி, மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜன். மாடுகளுக்கான சினை ஊசிக் குழாய்களை வைத்திருக்கும் அதே வகைக் கலன்தான். பெங்களூருக்கு அருகிலுள்ள ஹெசரகட்டாவில் உறைவிந்து உற்பத்தி நிலையமும், மகரந்தத்தை உறைநிலையில் காக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனமும் ஒரே ஊரில் இருப்பது எனக்கு எப்போதும் பொருத்தமாகவே படும். செடித் திசுவில் சிக்கல், உள்ளிருக்கும் நீர் பனிப்படிகமாகி உயிரணுவைக் கிழிப்பது. அதைத் தவிர்க்க, ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள முளைநுனிகளை முதலில் சர்க்கரை மிகுந்த ஊடகத்தில் ஓரிரு நாள் வைத்து, பிறகு பனிப்படிகம் உருவாகாமல் தடுக்கும் பிவிஎஸ்2 என்னும் கரைசலில் ஊற வைக்கிறார்கள். அதில் 30 சதவீதம் கிளிசரால், 15 சதவீதம் எத்திலீன் கிளைக்கால், 15 சதவீதம் டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடு), 0.4 மோலார் சுக்ரோஸ் இருக்கும். ஊறும் நேரம்தான் எல்லாம்: குறைந்தால் பனி கொல்லும், மிஞ்சினால் கரைசலே கொல்லும். 20, 40, 60 நிமிடம் என்று சோதித்து, உங்கள் இனத்துக்கான நேரத்தை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். எடுக்கும்போது 40 டிகிரி நீரில் ஒன்றிரண்டு நிமிடத்தில் உருக்கி, கரைசலைக் கழுவி, சில நாள் இருட்டில் மீட்பு ஊடகத்தில் வைக்க வேண்டும். ஒவ்வொரு தாய்ச்செடி எண்ணிலிருந்தும் சில நுனிகளை உடனேயே உருக்கி, எத்தனை மீண்டும் தளிர்க்கின்றன என்று பார்க்காமல் கலனை மூடக் கூடாது.

திரவ நைட்ரஜன் வாயுவாகும்போது ஏறக்குறைய 700 மடங்கு விரியும். மூடிய சிறு அறையில் சிந்தினால் பிராணவாயு இடம்பெயர்ந்து, மயக்கம் வருவது தெரியாமலே விழுவோம். சன்னல் திறந்த அறை, முகம் முழுவதையும் மறைக்கும் ஒளிபுகும் தடுப்பு, தளர்வான கையுறை, உடன் ஒருவர் ஆகியவை இல்லாமல் கலனைத் திறக்காதீர்கள். நகல் ஒன்று வேறொரு நிறுவனத்திலும் இருக்கட்டும். தில்லியில் உள்ள தேசியத் தாவர மரபு வளங்கள் பணியகம் உறைமரபு வங்கியை நடத்துகிறது.

எட்டாம் படி: திரும்ப நடுதல்

பழக்கிய செடியைத் தாய்ச்செடி இருந்த மலைக்கே திருப்ப வேண்டும்; வேறு மலையின் கொடியை அங்கே நட்டால் இரண்டு கூட்டங்களின் மரபும் குழம்பும். நடுவதற்கு முன், ஒவ்வொரு எண்ணிலிருந்தும் சில செடிகளைத் தாயோடு மரபுக் குறியீட்டுச் சோதனையில் ஒப்பிடுவது நல்லது. தொட்டிக் கலவையோடு நகரத்து வேரழுகல் பூஞ்சைகள் காட்டுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெவ்வேறு எண்களைக் கலந்து அருகருகே நட்டால்தான் பூக்கும் காலத்தில் அயல் மகரந்தம் கிடைக்கும். ஒரே எண்ணை வரிசையாக நட்டால் கொடி படரும்; ஆனால் காய் பிடிக்கும் என்று நம்ப முடியாது.

மாகாளி போன்ற விற்பனைச் செடிக்குக் காட்டில் நடுவது மட்டும் போதாது. சந்தைக்கு வேறு வழியில் கிழங்கு வராதவரை, நட்டதையும் தோண்டுவார்கள். எனவே ஒரு பகுதியை உழவர்களுக்குக் கொடுக்க வேண்டும். அவர்களுக்கு விரைவாகப் பெருகி, பருத்த கிழங்கு தரும் எண் ஒன்றிரண்டு போதும். அந்தத் தட்டுகளை மட்டும் நாற்றங்காலின் வேறு மூலையில், வேறு நிறச் சீட்டோடு வையுங்கள். காட்டு வண்டி ஏற்றும் நாளில் எளிதாகக் கைக்கு வருபவை அவையாகத்தான் இருக்கும்.